நெடுந்தீவில் ஒரு ஜெர்மன் போலீஸ் கோட்டு

என் மனைவிக்கு நான் சேர்க்கும் துணிகளைக் கண்டாலே ஆகாது. "செத்தவன் சட்டையெல்லாம் நம்ம வீட்டுக்குத்தான் வருது" என்பாள். வடபழனியில் சினிமாவுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடை எனக்கு. போலீஸ், ராணுவம், கப்பல் கேப்டன், ரயில்வே கார்டு என்று எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். அந்தத் தொழிலில் இருந்து தொற்றிய பைத்தியம்தான் பழைய சீருடைகள். அதிலும் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் போலீஸ் சீருடை என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். ராணுவச் சட்டையை எல்லாரும் சேர்ப்பார்கள். போலீஸ் சட்டை கிடைப்பது அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே போலிகளும் அதிகம். எங்கெங்கிருந்தோ ஆட்கள் படம் அனுப்பி, அசலா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஏதாவது நாடகக் கம்பெனிக்குத் தைத்ததாக இருக்கும்.

ஆனால் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கிற நெடுந்தீவிலிருந்து ஒரு படம் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

படத்தில் ஒரு தேவாலய வளாகம். கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் நடிக்கும் பாஸ்கா, அதாவது இயேசு பாடுபட்ட கதை. சிலுவை சுமந்தவர் முழங்காலில் விழுந்து கிடக்கிறார். பின்னால் ஒருவர் சவுக்கை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் போட்டிருந்தது சாம்பல் கலந்த பச்சைக் கம்பளிக் கோட்டு. காலரும் கைமுனையும் மட்டும் காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் மெல்லிய பச்சை நாடா. தோளில் ஊர்க்காரர்கள் ஜரிகை தைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே சிவப்புப் பாவாடை. மேலே ஜெர்மனி, கீழே ரோமாபுரி! எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

படம் அனுப்பியவர் அமலன். சவுக்கோடு நிற்பவரும் அவர்தான். யாரோ இந்தப் படத்தை முகநூலில் போட, ஜெர்மனியில் வாழும் ஒருவர் "இது ஹிட்லரின் போலீஸ் கோட்டு, கொலைகாரர் உடுப்பு" என்று கீழே எழுதிவிட்டார். ஊரே இரண்டுபட்டுப் போயிற்று. விஷயம் தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கோட்டு கோயில் வளவுக்குள் வரவேண்டாம் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டாராம். பெரிய வெள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. அமலன் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார்: "போலி எண்டால் எங்களோடை இருக்கட்டும், உண்மை எண்டால் நீங்களே கொண்டுபோங்கோ அண்ணை." போதாதா? பெட்டியைக் கட்டினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ். பண்ணைப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல், ஆனால் கணுக்கால் ஆழம்தான். நடுக்கடலில் ஒருவர் சாவகாசமாக நடந்துபோய் வலையை உதறிக்கொண்டிருந்தார். மெரினாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சத்தமே போடாத கடல் வினோதமாக இருந்தது. மடத்துவெளியில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரு வீட்டு வேலிப் படலையில், பாண் என்று இவர்கள் சொல்லும் ரொட்டிப் பொதியைத் தொங்கவிட்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "நேற்றையான் பாண் கல்லு மாதிரி" என்று முறைப்பாடு. டிரைவர் பதில் சொன்னார், பிறகு வீட்டுக்காரர் பதில் சொன்னார். பஸ்ஸே உட்கார்ந்து கேட்டது. எங்கள் ஊரில் இதற்குள் நாலு பேர் டிரைவரின் குடும்பத்தையே இழுத்திருப்பார்கள். இங்கே பக்கத்துச் சீட்டு அம்மா மட்டும், "உவர் சொல்லுறது சரி, நானும் அந்தப் பாண்தான் வாங்கினனான்" என்றார்.

குறிகட்டுவானில் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளை உடுப்பு அணிந்த சிங்கள யாத்திரிகர் கூட்டம் ஒன்று என்னைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நானும் எல்லாரும் போகிற படகுதானே என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு மூதாட்டி. என் அலுமினியப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். படகோட்டி மொழிபெயர்த்தார்: "உந்தப் பெட்டியிலை என்ன கிடக்குதெண்டு அம்மா கேக்கிறா."

"பழைய துணிக்கு வைத்தியம் பார்க்கிற சாமான்" என்றேன்.

அது சிங்களமாகப் போய்ச் சேர்ந்ததும் மூதாட்டி யோசித்துவிட்டு இன்னொன்று கேட்டார். படகோட்டி சிரித்தார். "துணிக்கு வருத்தம் வந்தால் புதுசு வாங்கலாமே, இதுக்கேன் கடல் தாண்டி வந்தவர் எண்டு கேக்கிறா." அசடு வழிந்தேன். அவர் இரக்கப்பட்டு ஒரு பலகாரம் கொடுத்தார். பேர் கொக்கிஸாம். அச்சு அசல் நம் அச்சுமுறுக்கு.

இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது நயினாதீவு, புத்த விகாரையும் அம்மன் கோயிலும் இருக்கிற வேறொரு தீவு. நெடுந்தீவுப் படகு எனக்காகக் காத்திருக்கவில்லை. அமலனைத் தொலைபேசியில் பிடித்து அழாத குறையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லை அண்ணை, அம்மாளிட்டை ஒருக்கால் சொல்லிப்போட்டு வாங்கோ. நாங்களும் வள்ளம் புதுசு இறக்கினால் அங்கைதான் முதல் போறனாங்கள்." கிறிஸ்தவர் வாயில் அம்மன் பேர் அவ்வளவு சாதாரணமாக வந்தது எனக்குப் பிடித்திருந்தது. அம்மன் கோயில் மடத்தில் சோறு போட்டார்கள். பூசணிக்காயும் பருப்பும், எரிக்கிற குழம்பும். யாத்திரிகர் தங்கும் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தேன்.

மறுநாள் குறிகட்டுவானுக்குத் திரும்பி, சரியான படகுதானா என்று ஒருவர் விடாமல் விசாரித்து ஏறினேன். ஏற்கெனவே உள்ளே சீமெந்துப் பைகள், கோழிக்கூடு, ஒரு குளிர்சாதனப் பெட்டி. கடல் கொஞ்சம் ஆடிற்று, நான் நிறைய ஆடினேன். எதிரே இருந்த பெண் தேசிக்காய் என்று ஓர் எலுமிச்சையை நீட்டி, "மணந்து பாருங்கோ, குடல் தன்ரை இடத்துக்கு வந்திடும்" என்றார். வந்தது என்று சொல்ல மாட்டேன். வெளியே போய்விடாமல் நின்றது.

இறங்குதுறையில் அமலன் காத்திருந்தார். நாற்பது கடந்தவர், கடல் தொழில், பேச்சு மெதுவானது. சவுக்கோடு நின்றவர் இவர்தான் என்று நம்புவதே கஷ்டம். லான்ட்மாஸ்ரர் என்று அவர்கள் சொல்லும் கையுழவு இயந்திரத்தின் பின்னே பெட்டி கோத்து, அதில் என்னை ஏற்றினார். பாதை நெடுக வேலிகள் எல்லாம் கடல் பவளக்கல், சாந்து இல்லாமல் அடுக்கியவை. வெட்டவெளியில் குதிரைகள் தாமாக மேய்ந்தன. நான் வாய் பிளந்து பார்க்க, அமலன், "உதுகள் எங்கடை மாட்டுக்குப் புல்லு விடாதுகள்" என்று சலித்துக்கொண்டார்.

வீட்டில் அவருடைய தாய் யோசப்பீன் அக்கா. அறுபத்தைந்து இருக்கலாம். மாடு வளர்க்கிறார், தயிர் போடுகிறார். முதலில் பால் விடாத பிளேன்ரீ கொடுத்தார். கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கரித்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "சீனியோடை உப்பும் சேர்ந்து வருகுது, காசு மிச்சம்" என்றார். பிறகு சிவப்பரிசிச் சோறு, கணவாய்க் கறி, முருங்கையிலை வறை, சொதி. கணவாயை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கமில்லாமல்.

கை கழுவியதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் அமர்ந்தார்.

"தம்பி, நீங்கள் அதைப் போலி எண்டு சொல்லிப்போடுங்கோ."

"பார்க்காமலா அக்கா?"

"பாருங்கோ. பாத்துப்போட்டுப் போலி எண்டு சொல்லுங்கோ."

கோட்டை அனுப்பியவர் அவருடைய தம்பி சவிரிமுத்து. சண்டைக் காலத்தில் ஜெர்மனிக்கு அகதியாகப் போனவர். ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு ஒரு வயோதிபரின் வீட்டில் அவரைப் பராமரிக்கிற வேலைக்கு அமர்ந்தார். அந்த மனிதரைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை பார்த்திருக்கிறார். அவர் இறந்ததும் அலமாரியைக் காலி செய்த மகள் இந்தக் கோட்டைக் குப்பையில் போடப் போனாளாம். சவிரிமுத்து கேட்டு வாங்கி, ஊர்ப் பாஸ்காவுக்கு என்று பார்சலில் அனுப்பினார். சில வருடங்களில் அவரும் அங்கேயே நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குத் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

"இப்ப சனம் என்ன கதைக்குது தெரியுமோ? கொலைகாரன்ரை வீட்டுச் சோத்தைத் திண்டவனாம் என்ரை தம்பி. அவன்ரை சட்டையைக் கோயிலுக்கு அனுப்பினவனாம். செத்தவன் வந்து மறுமொழி சொல்லுவானோ?" நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்தார். "பின்னேரம் ஒத்திகை. பாதர் பதில் கேப்பார்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவருக்கு அது போலியாக இருக்கவேண்டும். எனக்கு அசலாக இருக்கவேண்டும். அதற்குத்தானே குடல் புரளக் கடல் தாண்டி வந்தேன்.

அக்கா கோட்டைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்தார். வேப்பிலை வாசனை. தொட்டதுமே கை கூசியது. பொத்தான்கள் புடவைக்கடைப் பித்தளை, ஜரிகை நம்ம ஊர் ஜரிகை. ஆனால் துணி, வெட்டு, உள்ளே கையால் போட்ட தையல்! சரி, அவசரப்படக்கூடாது. முதலில் விளக்குச் சோதனை. போருக்குப் பிறகு வந்த நூல்களில் வெள்ளையாகக் காட்டுகிற ஒரு மருந்து சேர்ப்பார்கள். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் அப்படிப்பட்ட நூல் நீலவெள்ளையாக மின்னும். பழைய நூல் ஒளி விடாமல் கறுத்தே கிடக்கும். பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, கட்டில் போர்வையைத் தலையோடு போர்த்துக்கொண்டு நானும் அமலனும் உள்ளே குந்தினோம். அந்த வெயிலில் இட்லிப் பானைக்குள் இருந்த மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டேன்.

கோட்டு முழுவதும் பளிச்சென்று மின்னியது. தையல், உள்துணி, பைகளின் ஓரம், ஒன்று பாக்கியில்லை.

போர்வையை உதறி வெளியே வந்து சொன்னேன். "போலிதான் அக்கா. நாடகத்துக்காகப் பின்னால் தைத்தது."

அக்கா அப்படியே குந்தி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து என் தலையைத் தொட்டார். சமையலறைக்கு ஓடினார், ஒரு சட்டி தயிரும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். அமலன் பாதருக்குச் சொல்ல முற்றத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். என் ஏமாற்றத்துக்குத் தயிர் நல்ல மருந்தாக இருந்தது. அவ்வளவு கெட்டித் தயிரைச் சென்னையில் நான் பார்த்ததில்லை.

கோட்டை மடித்துக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "இத்தனை வருஷம் நடித்த துணி, எப்படி அக்கா இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்?"

"ஒவ்வொரு வருசமும் பாஸ்கா முடிய நான்தான் தோய்க்கிறனான். அடிக்கிறேல்லை, தேய்க்கிறேல்லை. நல்ல சோப்புத் தூளை வடிவாக் கரைச்சு ஊறவிட்டு எடுக்கிறது. தோய்க்காமல் விடேலாது தம்பி. சனம் துப்பும்."

"துப்புமா?"

"ஓமோம். அமலன் ஆண்டவருக்கு அடிச்சுக்கொண்டு வரேக்கை பாதையிலை நிக்கிற ஆக்கள் எல்லாம் துப்பும், மண் அள்ளி எறியும். அது எங்கடை ஊரிலை அப்பிடித்தான். இவன்ரை மனுசியும் துப்புவா. பேந்து வீட்டை வந்து சோறு போடுவா."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. சோப்புத் தூள்! வெள்ளை மின்னுவதற்கு அதே மருந்தைத்தான் சோப்புத் தூளிலும் போடுகிறார்கள். வருடா வருடம் அதில் ஊறிய துணி மின்னாமல் என்ன செய்யும்? விளக்கு காட்டியது நூலின் வயதை அல்ல, அக்காவின் சலவையை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்க மாட்டேன். தயிர்ச் சட்டி முன்னால் இருக்கிறது, அக்காவின் முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் தெரியாமல் விடவும் என்னால் முடியவில்லை. இந்த நோய் அப்படி. "அக்கா, இன்னொரு தடவை பார்க்கணும். தப்பாச் சொல்லிட்டேன்னு நினைக்கிறேன்" என்றேன். அமலன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார்.

இடது கையின் மேல்பகுதியில் ஊர்க்காரர்கள் ஒரு ஜரிகைச் சூரியனைத் தைத்திருந்தார்கள். அக்காவிடம் கேட்டு அதைப் பிரித்தேன். அடியில் நீள்வட்டமாக ஓர் இடம் மட்டும் வெளுக்காமல் கரும்பச்சையாக இருந்தது. ஓரம் முழுக்க ஊசித் துளைகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீள்வட்டத்துக்குள் ஒரு பறவையின் விரிந்த சிறகு தெரிந்தது. ஹிட்லரின் போலீஸ் கழுகுச் சின்னம்தான்: அதே அளவு, அதே இடம். அதுவும் போதாதென்று காலர் மடிப்பின் தடித்த இடத்தில் ஒரு தையலைப் பிரித்தேன். இரண்டு கம்பளிக்கு நடுவில், சோப்புத் தண்ணீர் போய்ச் சேராத ஆழத்தில் ஒரு துண்டு நூல். போர்வைக்குள் விளக்கைக் காட்டினேன். கரி மாதிரி கறுத்துக் கிடந்தது.

என் வாழ்நாளில் இத்தனை நல்ல அசலை நான் கையில் தொட்டதில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது. போர்வையை விலக்கியபோது எதிரே யோசப்பீன் அக்கா நின்றார். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் போயிற்று.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் போலீஸ் பட்டாளங்கள் கிழக்கே போய், ஊர் ஊராக யூதர்களைக் குழிக்கரையில் நிறுத்திச் சுட்டதைச் சொன்னேன். இதே கோட்டைப் போட்டுக்கொண்டு சொந்த ஊர்த் தெருவில் சைக்கிளை மறித்தவர்களும் உண்டு, அந்த வயோதிபர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. சாத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, கோட்டை மடித்து உள்ளே வைத்து, வாயைக் கட்டி என்னிடம் நீட்டினார். "சொன்ன சொல்லு. கொண்டுபோங்கோ."

வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

"வீட்டிலை எங்கை வைப்பியள் தம்பி?"

"தனியாக ஒரு கண்ணாடி அலமாரி செய்து வைத்திருக்கிறேன் அக்கா. பொம்மைக்குப் போட்டு, மேலே விளக்கு வைத்து…"

"கண்ணாடிக் கூட்டுக்கையோ?" அக்காவின் முகம் மாறியது. "நாங்கள் கண்ணாடிக் கூட்டுக்கை அந்தோனியாரைத்தான் வைக்கிறனாங்கள். ஆக்கள் வந்து பாப்பினமோ?"

"பார்ப்பார்கள். தூரத்திலிருந்தெல்லாம் வருவார்கள்."

"பாத்து என்ன செய்வினம்?"

"படம் எடுப்பார்கள்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் காது சுட்டது.

வாசலில் நின்ற அமலன் சொன்னார். "அம்மா, மாமா அப்ப போனிலை சொன்னது ஞாபகம் இருக்கோ? பார்சல் வந்த நேரம். இதை ராசாவுக்குக் குடாதேங்கோ, தீர்ப்புச் சொல்லுற பிலாத்துவுக்கும் குடாதேங்கோ எண்டவர். சிலுவையடியிலை நிக்கிற நூற்றுவர் தலைவனுக்குக் குடுப்பம் எண்டு அப்பா கேக்க, அவனுக்கும் வேண்டாம், அவன் கடைசியிலை மனந்திரும்பிப்போடுவான், சவுக்காலை அடிக்கிறவனுக்கு மட்டும் குடுங்கோ எண்டு சொன்னவர். ராசாவுக்கு உது எடுப்பில்லை எண்டாக்கும் சொல்லுறார் எண்டு நாங்கள் நினைச்சம்."

அக்கா அவரையே பார்த்தார்.

"அப்ப அவனுக்குத் தெரியும்" என்றார். "என்ரை தம்பிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அந்த மனுசனைக் குளிப்பாட்டி, சோறும் தீத்திப்போட்டு, சட்டையை இஞ்சை அனுப்பியிருக்கிறான்." இப்போது அவருக்கு அழுகை வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பையைக் கட்டிலில் வைத்தேன்.

அமலன் தொலைபேசியை எடுத்தார். "பாதருக்கு நான் உள்ளதைச் சொல்லுறன். மாமா சொன்னதையும் சொல்லுறன். அவருக்கு விளங்கும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கட்டிலில் இருந்த பையின் முடிச்சை அவிழ்த்து, கோட்டை வெளியே எடுத்து, வெறும் பையை என்னிடம் தந்தார்.

"குறை நினையாதேங்கோ தம்பி. இது இஞ்சையே கிடக்கட்டும். இஞ்சைதான் துப்புறதுக்கு ஆக்கள் இருக்கினம்."